காருக்கு எண்ணெய்க் குளியல்

மருதங்காடு சமஸ்தானத்தில் யானைகள் உண்டு, குதிரைகள் உண்டு, ஆனால் மோட்டார் கார் ஒன்றே ஒன்றுதான். ராஜா வீரகண்ட பூபதிக்கு அதுதான் உயிர். ராணிக்கே அதன்மேல் கொஞ்சம் பொறாமை என்று கேள்வி.

பிரியம் முற்றினால் மனிதர்கள் தங்களுக்கு எது சுகமோ அதையே அடுத்தவருக்கும் செய்வார்கள். ராஜாவுக்குச் சனிக்கிழமைதோறும் எண்ணெய்க் குளியல். ஆகவே காருக்கும் அப்படியே என்று உத்தரவு போட்டார். நீராட்டு அதிகாரி முத்துவீரப்பர், ராஜாவின் தலைக்குக் காய்ச்சிய நல்லெண்ணெயில் மிச்சத்தை எடுத்துக்கொண்டு வந்து இஞ்சினில் ஊற்றுவார்.

"ஐயா, அது குடிக்கிற எண்ணெய் வேறங்க" என்று டிரைவர் சூசை முதல் நாளே முனகினான்.

"மகாராஜா தலைக்கு ஆகிறது இந்த இரும்புக்கு ஆகாதோ?"

சூசை இஞ்சின் மூடியைத் திறந்துவிட்டான்.

சில மாதங்களில் கார் இருமத் தொடங்கியது. பிறகு புகை விட்டது. ஒருநாள் மலைக்கோயில் ஏற்றத்தில் பாதி வழியில் நின்றே விட்டது. யானையைக் கட்டித்தான் இழுத்து வந்தார்கள். கூட வந்திருந்த ராணியின் தம்பி சிரித்த சிரிப்பு அடிவாரம் வரை கேட்டதாம்.

மறுநாள் சபையில் ராஜாவின் மீசை துடித்தது.

"எல்லாம் சூசையின் அலட்சியம் மகாராஜா" என்றார் முத்துவீரப்பர். "என் அக்காள் மகன் நன்றாக ஓட்டுவான். சொன்னால் நாளைக்கே வந்துவிடுவான்."

"இஞ்சினைப் பிரிச்சு, உள்ளே படிஞ்ச கசடைச் சுரண்டினா சரியாயிடுங்க" என்றான் சூசை.

"என் கார் வயிற்றைக் கிழிப்பதா? பிரிக்காமல் சுத்தம் செய்! நாளை மாலை கார் மலை ஏற வேண்டும். ஏறாவிட்டால் நீ வேறு வேலை பார்த்துக்கொள்."

கசடு எப்படி வந்தது என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். குளியல் ராஜாவின் உத்தரவு. யார் சொல்வது?

தில்லைநாயகி எழுந்தாள். மூக்குக்கண்ணாடி போட மறுக்கும் ராஜாவுக்குத் தினமும் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறவள் அவள்தான்.

"சூசை மேல் தப்பில்லை மகாராஜா. காரின் குளியல் பாதியில் நிற்கிறது."

"பாதியிலா?"

"மகாராஜா எண்ணெய் தேய்த்துக்கொண்ட பிறகு என்ன செய்வீர்கள்?"

"சீயக்காய் தேய்த்துக்கொள்வேன்."

"காருக்கு யாராவது தேய்த்தார்களா?"

ராஜா மெல்ல முத்துவீரப்பர் பக்கம் திரும்பினார்.

"ஏனய்யா, இத்தனை நாளும் என் காரை எண்ணெய்ப் பிசுக்கோடவா ஊருக்குள் அனுப்பினாய்?"

"இதோ... இப்போதே சீயக்காய் அரைத்து..."

சூசைக்கு உயிர் பாதி போய்விட்டது. தில்லைநாயகி அவசரமாகக் குறுக்கே புகுந்தாள்.

"இஞ்சினுக்குச் சீயக்காய் தனி, மகாராஜா. பத்திரிகையில் விளம்பரம் பார்த்தேன். கார் இருமத் தொடங்கியபோதே பட்டணத்துக் கடைக்கு எழுதிப் போட்டு ஒரு டப்பா வரவழைத்திருக்கிறேன். இஞ்சின் எண்ணெயோடு கலந்துவிட்டால் கசடைக் கரைக்கும்."

"அதுவும் எண்ணெய் மாதிரிதானே இருக்கிறது!" என்று, கொண்டுவந்த டப்பாவைத் திறந்து பார்த்துச் சிரித்தார் முத்துவீரப்பர். "பிசுக்கைப் போக்க இன்னொரு பிசுக்கா?"

"பலாப்பழம் நறுக்கினால் கையில் பால் ஒட்டுமே, அதை எதனால் போக்குவீர்கள்?"

"தேங்காய்..." என்று ஆரம்பித்தவர், மீதியை விழுங்கிக்கொண்டார்.

சூசை டப்பாவை இஞ்சினில் கவிழ்த்தான். வண்டியை நின்ற இடத்திலேயே கொஞ்சநேரம் ஓடவிட்டு நிறுத்தினான். பிறகு அடியில் இருந்த மூடியைத் திருகினான்.

"பிரிக்கக்கூடாது என்றேனே!" என்று பாய்ந்தார் ராஜா.

"குளித்த தண்ணீர் போக வழி வேண்டாமா மகாராஜா?" என்றாள் தில்லைநாயகி.

கருப்பட்டிப் பாகு போல, ஆனால் நாற்றத்தோடு, கன்னங்கரேலென்று வழிந்தது. ராஜா குனிந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். வண்டிக்கு உரிய எண்ணெயைப் புதிதாக ஊற்றினார்கள். மறுநாள் மாலை கார் மலை ஏறியது. லேசாகப் புகைந்தது, இரண்டு தரம் கனைத்தது, ஆனால் ஏறிவிட்டது.

இறங்கி வந்த சூசையின் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"அம்மா, டப்பா தீர்ந்துபோச்சு. சனிக்கிழமை வருதே. மறுபடியும் ஊத்துவாரு, மறுபடியும் நிக்கும், மறுபடியும் என்னைத்தான் கேப்பாங்க."

"வரட்டும் சூசை. பார்த்துக்கொள்ளலாம்."

சனிக்கிழமை காலை. முத்துவீரப்பர் ஆவி பறக்கும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். ராஜாவும் உற்சாகமாக வந்து நின்றார். ஊருக்குப் போயிருந்த ராணியின் தம்பி அன்று உச்சிவேளை ரயிலில் திரும்பி வருகிறார். ஸ்டேஷனிலிருந்து நேராக அவரை மலைமேல் ஏற்றிக் காட்டிவிட வேண்டும் என்று ராஜாவுக்குத் துடிப்பு.

தில்லைநாயகி கைகட்டி நின்றாள். "ஊற்றட்டும் மகாராஜா. ஸ்டேஷனுக்கு யானையை அனுப்பச் சொல்லிவிட்டேன்."

"யானையா! கார் எதற்கு இருக்கிறது?"

"கார் இன்று எப்படி வரும்? எண்ணெய் தேய்த்துக்கொண்ட அன்று மகாராஜா வெயிலில் இறங்குவதுண்டா? காருக்கும் அதே பத்தியம்தானே?"

ராஜா கிண்ணத்தைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார்.

"சரி, குளியலை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்."

"அப்படியானால் நாளைக்குக் கார் வராது."

"திங்கட்கிழமை?"

"என்றைக்குக் குளியலோ அன்றைக்குப் பத்தியம் மகாராஜா."

ராஜா அவளை உற்றுப் பார்த்தார். மீசை மறுபடி துடித்தது. இந்தத் தடவை சிரிப்பால். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இத்தனை நாள் நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாமலே சொல்லிவிட்டாயே! சூசை, இனி இந்த இஞ்சினில் நீ ஊற்றுவதுதான் எண்ணெய். வேறு யார் கை வைத்தாலும் என்னிடம் சொல். நாயகி, நீ முன் சீட்டில் ஏறு. வண்டியை எடுங்கள்!"

கார் கிளம்பியது. முத்துவீரப்பர் கிண்ணத்தோடு பின்னாலேயே ஓடினார்.

"மகாராஜா! காய்ச்சின எண்ணெய் ஆறுகிறதே, இதை என்ன செய்ய?"

ராஜா ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"உன் தலையில் வைத்துக்கொள். இன்றைக்கு வெளியே போக உனக்குத்தான் ஒரு வேலையும் இல்லை!"