பாதிப் புள்ளி

“வண்டியை வெட்டினவன் மிக்கேல்தான்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடு. எனக்கு அது போதும்,” என்றார் சுயம்புலிங்கம்.

ஜொகரா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பட்டறை வாசலில் கிடந்த டிரெய்லரைப் பார்த்தாள்.

சுயம்புலிங்கத்தின் நாற்பதடி வண்டி, நடுமுதுகு ஒடிந்து கிடந்தது. போன மாதம் மதுரை ரோட்டில் ஒரு வளைவில் கன்டெய்னரோடு சாய்ந்த வண்டி அது. ஓட்டிப் போனவன் அவர் மகன் பொன்னுதுரை. வலது கால் முழங்காலோடு போய்விட்டது.

ஜொகரா அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் தூத்துக்குடி ஹார்பர் வண்டிக்காரர்களுக்கு அவள்தான் மேஸ்திரி. ஒடிந்த இரும்பைப் பார்த்து அவள் ஒன்று சொன்னால் லாரி ஓனர் சங்கத்தில் மறுபேச்சு கிடையாது.

“மிக்கேல் யாரு அண்ணாச்சி?”

“பத்து வருஷம் என் டிரைவர். கூடப்பொறந்தவன் மாதிரி வச்சிருந்தேன். ஒருநாள் மத்தியானம் போய்ப் பாக்கேன், டிரெய்லருக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு, கூர் உளியும் சுத்தியலுமா டக்கு டக்குனு சட்டத்தைக் குத்துதான்.”

“எதுக்குன்னு கேட்டியளா?”

“கேக்க என்ன இருக்கு? காலைப் பிடிச்சு வெளிய இழுத்து, செவிட்டுல ஒண்ணு விட்டேன். வாயைத் திறந்தான். பேசாம போயிருன்னுட்டேன்.”

அது ஏழு வருடத்துக்கு முந்திய கதை. அதற்குப் பிறகு மிக்கேல் எந்த ஷெட்டுக்குப் போனாலும், வண்டியை வெட்டினவன் என்ற பேர் அவனுக்கு முன்னால் போய் நின்றது. ஒருத்தரும் அவன் கையில் சாவி தரவில்லை. இன்றுவரை உப்பளத்தில் மூட்டை தூக்குகிறான்.

அவன் பெண்டாட்டி செத்தபோது சவப்பெட்டி சுயம்புலிங்கத்தின் தெரு வழியாகத்தான் போயிற்று. அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“இப்ப ஒரு ஓனர் அவனுக்கு வண்டி குடுக்கப் போறாராம். இன்னைக்குச் சாயங்காலம் சங்கத்துல பேச்சு. அதுக்கு முந்தி உன் காகிதம் எனக்கு வேணும்.”

“வண்டியை நல்லாப் பாத்துக்கிட்டியளா?”

“யாரைப் பாத்து என்ன கேக்க? வருஷம் தவறாம ஆயுத பூசைக்குப் புதுப் பெயிண்ட். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எஃப்.சி. வாங்கப் போனா, என் வண்டியப் பாத்து மத்தவன் தலையைத் தொங்கப் போடுவான்.”

ஜொகரா ஒரு கம்பி பிரஷையும் சுரண்டியையும் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“சுரண்டுங்க.”

“நானா?”

“உங்க வண்டிதான?”

குனிந்து சுரண்டினார். சிவப்பு உரிந்தது. அடியில் மஞ்சள். அதற்கடியில் பச்சை. பச்சை அடித்த வருடம்தான் பொன்னுதுரைக்கு லைசென்ஸ் வந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கி முதல் சவாரிக்கு வண்டியை எடுத்தவன் அவன்தான். அப்போது அவனுக்கு ரெண்டு காலும் இருந்தது.

ஏழாவது பெயிண்டுக்கு அடியில் இரும்பு தெரிந்தது. ஒடிந்த வாயை நோக்கி முடி போல ஓடியது ஒரு வெடிப்பு. அதன்மேல் சின்னச் சின்னப் புள்ளிகள்.

“இந்தா! பாத்துக்கோ! அவன் குத்தினது!”

ஜொகரா பார்க்கவில்லை. பக்கத்தில் இன்னொரு டிரெய்லர் நின்றது. அதன் டிரைவர் காத்திருந்தான். அவள் கூர் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு அதற்கு அடியில் நுழைந்தாள்.

டக்கு.

சுயம்புலிங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே சத்தம்.

“போன சவாரிக்கு வெடிப்பு முடிஞ்ச இடத்துல ஒரு புள்ளி வச்சேன்லப்பா,” என்று அடியிலிருந்து அவள் அந்த டிரைவரிடம் சொல்வது கேட்டது. “அதைத் தாண்டி ஒரு விரக்கடை ஓடியிருக்கு. இப்ப முடியிற இடத்துல இன்னொண்ணு வச்சிருக்கேன். உங்க ஓனர்ட்டக் காட்டு. பட்டை வச்சு வெல்டு அடிக்காம லோடு ஏத்தாத.”

சுயம்புலிங்கம் தன் வண்டிக்குத் திரும்பினார். மெல்ல மண்டி போட்டார்.

வெடிப்பின்மேல் ஒரு புள்ளி. ஒரு விரற்கடை தள்ளி இன்னொன்று. இன்னொரு விரற்கடை தள்ளி மூன்றாவது.

மூன்றாவது, பாதிதான் பதிந்திருந்தது. மீதி ஒரு கீறலாக இழுபட்டிருந்தது, காலைப் பிடித்து இழுத்த பக்கமாக.

அதற்கப்புறம் வெடிப்பு மட்டும்தான். ஒடிந்த வாய் வரைக்கும் ஒரு முழம் இருக்கும். ஒரு புள்ளி கூட இல்லை.

ஜொகரா காகிதமும் பேனாவுமாக வந்து நின்றாள்.

“என்ன எழுதட்டும் அண்ணாச்சி?”

அவர் அந்தப் பாதிப் புள்ளியில் வைத்த விரலை எடுக்கவில்லை.

“உப்பளத்துல எத்தனை மணிக்கும்மா ஆள விடுவாங்க?”