மீசை முளைக்காத சாமி

சாமியைத் திட்டுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நொச்சிக்காட்டில் ஒருத்தி இருந்தாள். பேர் காரியாத்தா. விடிந்ததும் வந்து ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் அடுப்பே பற்றவைப்பாள்.

அந்தச் சாமி வேறு யாருமில்லை, அவள் பெற்ற பிள்ளை சடையன்தான். எல்லைச் சண்டையில் வேல் பாய்ந்து செத்துப்போனான். மீசைகூட முளைக்காத வயசு. ஊர் கூடி ஏரிக்கரையில் அவனுக்கு வீரக்கல் நட்டது. கல்தச்சன் அவன் கையில் வாளைக் கொடுத்து, முகத்தில் முறுக்கு மீசையும் வைத்துவிட்டான். ஊர் கும்பிட ஆரம்பித்தது. அந்த வருஷம் மழை இல்லை. அதனால் மழையும் கேட்டது.

"இவன்கிட்டயா மழை கேக்குறீங்க?" என்பாள் காரியாத்தா. அப்புறம் கல்லைப் பார்த்து, "யாரு மீசைடா இது? எவன்கிட்ட இரவல் வாங்கினே?"

நாட்டாமைக்குப் பொறுக்கவில்லை.

"இவ திட்டுறதாலதான் மழை எட்டிப் பார்க்க மாட்டேங்குது. நாளையிலிருந்து கல்லுப் பக்கம் வரக்கூடாது."

அவளுக்கு வீட்டில் பேசக்கூட ஆள் கிடையாது. அந்தக் கல் ஒன்றுதான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி போனாள்.

கல்லுக்குப் பூசை செய்தவன் நற்குணன், மலையடிவாரத்துக் குருவின் சீடன். வெளியூர்க்காரன், சடையனைப் பார்த்ததே இல்லை. சாமியைத் திட்டுவது அவனுக்குப் பிடிக்காது. அவள் அழுதுகொண்டு போனதும் பிடிக்கவில்லை. குருவிடம் ஓடினான். அவர் கோவணம் துவைத்துக்கொண்டிருந்தார்.

"குருவே, போர்ல செத்தவனை எப்படி நினைக்கணும்?"

"இரு, இதைக் காயப்போட்டுட்டு வர்றேன்."

மறுநாள் குரு ஏரிக்கரைக்கு வந்து, கல்லை ஒட்டினாற்போல் உட்கார்ந்தார். ஊரே கூடிவிட்டது. காரியாத்தா தூரத்தில் கரைமேல் நின்றாள்.

"பையன் எப்படிப்பட்டவன்?" என்று நாட்டாமையைக் கேட்டார்.

"புலிங்க சாமி! எதிரிக்குச் சிங்கமுங்க!"

"நற்குணா, கண்ணை மூடு. என்ன தெரியுது?"

"புலி தெரியுது குருவே. பக்கத்துல ஒரு சிங்கம்."

"பையன்?"

நற்குணன் நன்றாகத் தேடினான். "காணோம்."

"ரெண்டும் சேர்ந்து தின்னிருக்கும்," என்றார் குரு. "ஆத்தா, நீ இங்க வா."

"கல்லுப் பக்கம் வரக்கூடாதுன்னு உத்தரவுங்க சாமி."

"கல்லுப் பக்கம் வர வேண்டாம். என் பக்கம் வா."

வந்தாள். "உன் பையன் எப்படி?"

"அவனா!" முந்தானையை இழுத்துச் செருகினாள். பெற்றவளைக் கேட்டுவிட்டால் சும்மா விடுவாளா? "ஒரு குடம் தண்ணி கொண்டாடான்னு அனுப்பினா, குடத்தோட கழுத்தை மட்டும் கையில புடிச்சிக்கிட்டு, சொட்டச் சொட்ட வந்து நிப்பான். தண்ணி எங்கடான்னா, 'எம்மேலதான் இருக்கு, புழிஞ்சுக்கோ'ம்பான்! இவனா மழை குடுப்பான்?"

கண்ணை மூடியிருந்த நற்குணன் குபுக்கென்று சிரித்துவிட்டான்.

"என்னடா தெரியுது?"

"நனைஞ்சு நிக்கிறான் குருவே. பல்லைக் காட்டுறான். மீசை இல்ல."

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "எங்க கிடாய்க்கு நாட்டாமைன்னு பேர் வெச்சதும் அவன்தானுங்க."

"எனக்குத் தெரியாதே!" என்றார் நாட்டாமை.

"உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியுமுங்க."

ஊரே சிரித்தது. முறைத்துக்கொண்டிருந்த நாட்டாமையும் தாங்கமாட்டாமல் சிரித்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காரியாத்தாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"சண்டைக்குப் போன அன்னிக்கும் ஒரு குடத்தை உடைச்சான் சாமி. திட்ட வாயெடுத்தேன். 'திட்டை எடுத்து வெய்யிம்மா, வந்து வாங்கிக்கிறேன்'னுட்டு ஓடிட்டான்."

ஏரியில் ஒரு கொக்கு இடம் மாறி உட்கார்ந்தது.

நாட்டாமை தொண்டையைச் செருமினார். "அப்போ... இனிமே பூசையில என்ன சொல்றதுங்க சாமி?"

குரு எழுந்து தன் இடத்தை அவளுக்குக் கொடுத்தார். கல்லைப் பார்க்க உட்காரவைத்தார்.

"அந்தக் கடைசிக் குடத்துக்கு உண்டான திட்டு இன்னும் பாக்கி இருக்கே, ஆத்தா," என்றார். "திட்டு."