நல்லாயி பழக்குன தோசைக்கல்லு

வா மருமவளே, அத்தை பக்கத்துல படு. வெயில் சாயுற வரைக்கும் தெருவுக்குப் போவக்கூடாது. கதை சொல்றேன், நீ "ம்" சொல்லணும். "ம்" வரலைன்னா எனக்குக் கதை ஓடாது.

ஒரு ஊர்ல ஒரு தோசைக்கல்லு. என்ன சிரிப்பு? எல்லாக் கதையிலயும் ராஜாவா வருவாரு? இதுல தோசைக்கல்லுதான். கன்னங்கரேல்னு, மொகம் பாக்கலாம் போல மினுமினுன்னு இருக்கும். மாவை ஊத்துனா "சொய்ங்ங்"னு ஒரு சத்தம். தோசைத்திருப்பி பட்டவுடனே தோசை தன்னால எந்திரிச்சு வரும்.

ம் சொல்லு.

"ம்."

அந்தக் கல்லு நல்லாயின்னு ஒருத்தியோடது. சந்தைக்குப் போற வழியில தோசைக்கடை வச்சிருந்தா. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி வெறும் இரும்பா வாங்கியாந்து பழக்குனவ அவதான். கல்லைப் பழக்குறதுன்னா சும்மாவா? புதுக்கல்லு முரட்டு மாடு மாதிரி, லேசுல வசத்துக்கு வராது. கஞ்சித்தண்ணியில ஊறப்போடணும், நல்லெண்ணெ தடவிக் காய வைக்கணும், வெங்காயத்தைப் போட்டு வதக்கணும். தெனம் தெனம், நாப்பது நாளு. அவ கை ரேகையே அதுல தேஞ்சிருக்கும்.

அப்புறம் என்னாச்சு, பக்கத்து வீட்டுப் பொன்னுருவி வந்தா. "அக்கா, புள்ளைக்குக் காதுகுத்து. ஒரு நாளைக்குக் கல்லைக் குடுங்க"ன்னா. இந்த நல்லாயி குடுத்துட்டா! தோசைக்கல்லை யாராவது இரவல் குடுப்பாங்களா? உரலைக் குடு, உலக்கையைக் குடு, கட்டுன சீலையைக் கூடக் குடு. கல்லைக் குடுத்தாளே, எனக்கு இன்னிக்கும் ஆத்திரம் ஆத்திரமா வருது.

பொன்னுருவி பொல்லாதவ இல்ல. ஆனா அவ புருஷன் ஏழு வருசமா, "இது தோசையா, கிழிஞ்ச துணியா?"ன்னு தட்டைத் தள்ளுவான். அன்னிக்கு அந்தக் கல்லுல சுட்டுப் போட்டாளா, மொத தடவையா "இன்னொண்ணு போடு"ன்னான். அந்த ஒரு வார்த்தையில அவளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. நல்லாயி போய்க் கேட்டா, "எந்தக் கல்லு? இது எங்கம்மா வீட்டுச் சீரு"ன்னு கதவைச் சாத்திட்டா.

"புதுக்கல்லு வாங்கலாம்ல அத்தை?"

வாங்குனாளே! தோசையெல்லாம் பிச்சுப் பிச்சு வந்துச்சு. ஆளுங்க ஒரு நாள் பாத்தாங்க, ரெண்டு நாள் பாத்தாங்க, அடுத்த கடைக்குப் போயிட்டாங்க. மறுபடி நாப்பது நாளு உக்காந்தா கடை என்னாவுறது? அதோட அது அவளோட கல்லு. எதுக்கு விடணும்? நேரா மணியக்காரர் வீட்டு வாசலுக்குப் போயிட்டா. ஊர் வழக்கெல்லாம் அவருதான் தீர்க்கிறவரு. பொன்னுருவியையும் கல்லோட கூப்பிட்டு விட்டாங்க.

மணியக்காரர் மீசையைத் தடவிக்கிட்டு, "கல்லுல என்ன அடையாளம்? ஒவ்வொருத்தியா வந்து காதுல சொல்லுங்க"ன்னாரு. நல்லாயி வந்து, "பிடிக்குக் கீழ நெல்லளவு பள்ளம்"னா. அப்புறம் பொன்னுருவி வந்தா. பத்து நாளா வச்சிருந்து பாத்தவளாச்சே! அவளும் "நெல்லளவு பள்ளம்"னா. மணியக்காரர் முழிச்சாரு.

"சரி, ரெண்டு பேரும் தோசை சுடுங்க. சொந்தக்காரி சுட்டாதான் நல்லா வரும்"னாரு. நல்லாயி ஊத்துனா, சொய்ங்ங். பொன்னுருவி ஊத்துனா, சொய்ங்ங். நல்லாப் பழகுன கல்லு யாரு ஊத்துனாலும் வஞ்சனை பண்ணாதுடி. மணியக்காரர் இவ சுட்டதுல ஒம்பது, அவ சுட்டதுல ஒம்பது தின்னுட்டு, "ஏஏவ்! ரெண்டும் நல்லாத்தான இருக்கு"ன்னு சாஞ்சுட்டாரு. இவரு தீர்ப்புச் சொல்லுவாராம்!

ம்?

"ம்..."

அப்போ உள்ளேருந்து அவரு சம்சாரம் வந்துச்சு. ஒரு கையில செங்கல்லுப் பொடி, ஒரு கையில தேங்காநாரு. "இந்தக் கருப்பு மினுமினுப்புக்குத்தான இம்புட்டுச் சண்டை? வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் தேச்சுப்புடுறேன். அப்புறம் யாருக்கு வேணுமோ எடுத்துக்கங்க"ன்னுச்சு.

பொன்னுருவி பதறிட்டா. "ஐயோ, தேய்க்காதீங்கம்மா! தேச்சா தோசை ஒட்டிக்குமே. அந்த வெறும் இரும்பு எனக்கு எதுக்கு?"ன்னு கத்துனா.

நல்லாயி கல்லைப் பாத்தா. பன்னெண்டு வருசம்டி! ஆனா நிமுந்து நின்னா. "நீங்க எதுக்கு சிரமப்படுறீங்க? நாரைக் குடுங்க, நானே தேய்க்கிறேன். மறுபடி பழக்குறதுக்குக் கை இருக்கு எனக்கு"ன்னா. சொல்லிட்டு உக்காந்து, சரக் சரக், சரக் சரக்.

அந்தம்மா ஓடி வந்து கையைப் பிடிச்சுச்சு. "போதும் தாயி, யாரு கல்லுன்னு தெரிஞ்சுபோச்சு. பழக்குனவ பயப்பட மாட்டா. நிறுத்து"ன்னுச்சு.

"பாதியில விட்டா ஒரு பக்கம் ஒட்டும், ஒரு பக்கம் எந்திரிக்கும். இருங்க"ன்னுட்டு முழுசாத் தேச்சு முடிச்சுட்டுத்தான் எந்திரிச்சா. பொன்னுருவி தலையைக் குனிஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போனா. அவ புருஷனுக்கு அன்னிலேருந்து உப்புமாதான்.

வீட்டுக்கு வந்து கல்லை இறக்கி வச்சப்பறம் நல்லாயி அழுதா. நல்லாவே அழுதா. மறுநா காலையில கஞ்சித்தண்ணியை ஊத்துனா. எண்ணெ, வெங்காயம், எண்ணெ, வெங்காயம். கடை வாசல்ல ஈ காக்கா இல்ல. "இவ அம்புட்டுத்தான்"னு போறவன் வர்றவனெல்லாம் சொன்னான். அவ காதுலயே போட்டுக்கலை.

பத்தாம் நாளு ஊத்துனா, ஒட்டுச்சு. இருவதாம் நாளு ஊத்துனா, ஓரம் மட்டும் எந்திரிச்சுச்சு. நாப்பதாம் நாளு விடியக்காலை ஊத்துனா பாரு...

சொய்ங்ங்!

அந்த வாசனை சந்தை வரைக்கும் போச்சு. மூட்டை தூக்குறவங்க, காய்க்காரங்க, அடுத்த கடையில உக்காந்திருந்தவங்க, எல்லாரும் தட்டை ஏந்திக்கிட்டு வந்துட்டாங்க. "எனக்கு மொதல்ல, எனக்கு மொதல்ல!"ன்னு ஒரே சத்தம். மணியக்காரரும் நிக்கிறாரு.

"இருங்கய்யா"ன்னா நல்லாயி. பன்னெண்டு வருசமா ஊருக்கெல்லாம் சுட்டுப் போட்டாளே, சூடா ஒண்ணு உக்காந்து தின்னுருப்பாளா? அந்த மொத தோசையைத் தட்டுல போட்டா. எல்லாரையும் நிக்க வச்சுட்டு, சம்மணம் போட்டு உக்காந்து, பிட்டுப் பிட்டு, கடைசி வாய் வரைக்கும் அவளே தின்னா.

ம் சொல்லு... மருமவளே?

தூங்கிட்டியா. சரி, தோசையும் தீந்துச்சு, கதையும் தீந்துச்சு. நல்லாத் தூங்கு.