பத்துப் புள்ளி நாலு

பொற்கொடி கல்லூரியில் இயற்பியல் நடத்தத் தொடங்கிப் பதினேழு வருடம் ஆகிறது. நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, காற்புள்ளியைக்கூடச் சொல்லிவிடுவாள். பிள்ளைகள் பாஸாகிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அவளைத் தேடி வந்ததில்லை.

அன்று முதலாண்டுக்குச் செய்முறைத் தேர்வு. வெளித்தேர்வாளராக வந்திருந்தவர் ரெஜினா மேடம். பொற்கொடி ஆராய்ச்சி செய்த காலத்தில் அவளுக்கு வழிகாட்டியாக இருந்தவர். மாலை நாலு மணிக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள். ஆய்வகத்தில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

பொற்கொடி கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள்.

"தேர்வுப் பிரிவுக்கு மாத்தச் சொல்லி எழுதியிருக்கேன் மேடம். இனிமே வகுப்பு வேண்டாம்."

"ஏன்?"

"முப்பத்தெட்டுப் பேர் இருக்காங்க. ஒருத்தர் வாயைத் திறக்கிறதில்லை. சுவத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போனா அழுகை வருது. ஒரு கேள்வி கேட்க வைக்க என்னதான் செய்யணும்?"

மேடம் மேசையில் அடுக்கியிருந்த ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினார். தனி ஊசல் சோதனை. புவியீர்ப்பு முடுக்கம் 9.8. அடுத்த நோட்டிலும் 9.8. அதற்கடுத்ததிலும் அதுவே. எல்லாவற்றிலும் பொற்கொடியின் கையெழுத்து அழகாக இருந்தது.

ஒரு நோட்டில் மட்டும் 10.4. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில், 'தவறு. திருத்தி எழுது.'

"இது யாரு?"

"இசக்கியப்பன். கடைசி பெஞ்ச்."

"ஊசலைக் கட்டு. நீ ஒரு தடவை செய்."

"நானா?"

"நீதான்."

பொற்கொடி நூலில் குண்டைக் கட்டி, ஆய்வக ஸ்கேலை வைத்து ஐம்பது சென்டிமீட்டர் அளந்தாள். இருபது அலைவு எண்ணினாள். இருபத்தேழரை நொடி. கணக்குப் போட்டாள். விடை எழுத வேண்டிய இடத்தில் அவள் கை தானாக 9.8 என்று எழுதப் போனது.

"கணக்கு என்ன சொல்லுது?" என்றார் மேடம்.

அவள் மறுபடி பார்த்தாள். பத்துப் புள்ளி நாலு.

மறுபடி செய்தாள். அதேதான். பிறகுதான் ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தாள். அரித்துப்போன முனையை யாரோ எப்போதோ ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். ஸ்கேல் மூன்று என்ற கோட்டில் தொடங்கியது; ஐம்பது என்று அவள் அளந்தது உண்மையில் நாற்பத்தேழுதான்.

"இது எத்தனை வருஷமா இங்க இருக்கு?"

"நான் வந்த நாள்லேர்ந்து இருக்கு மேடம்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பதினேழு வருடமாக அந்த ஸ்கேலைப் பிடித்துப் பிள்ளைகள் விடையை முதலில் எழுதிவிட்டு அளவைப் பிறகு எழுதியிருக்கிறார்கள். அவளும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

மேடம் இசக்கியப்பனின் நோட்டில் பக்கங்களைத் திருப்பினார். அடுத்த சோதனை, புத்தகத்தில் உள்ள விடை. அதற்கடுத்ததும் அப்படியே. கடைசிப் பக்கம் வரை ஒரு இலக்கம்கூட விலகவில்லை.

"நல்லாத் தேறிட்டான்," என்றார் மேடம்.

பொற்கொடி சிவப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியது ஞாபகம் வந்தது. அவன் நோட்டை நீட்டியபோது ஏதோ சொல்ல வந்தான். பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அடுத்தவன் நோட்டை அவள் வாங்கிவிட்டாள்.

வெளியே வாட்ச்மேன் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு வருவது கேட்டது.

"இந்த லெட்டரை என்ன செய்யட்டும் மேடம்?"

"அது உன் இஷ்டம். அவன் எப்ப வருவான்?"

"நாளைக்கு வருவான், ரெக்கார்டு வாங்க."

மேடம் ஸ்கேலை அவள் கையில் கொடுத்தார்.

"நோட்டோட இதையும் கொடு. எனக்கும் பத்துப் புள்ளி நாலுதான் வந்துச்சுன்னு சொல்லு. காரணத்தைச் சொல்லிடாதே."

"சரி மேடம். அப்புறம் என்ன சொல்லணும்?"

ரெஜினா மேடம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்புறம் நீ பேசாதே."