ஆயுதசாலைக் கதவில் குருவிக் கூடு

யோவ், உன்னைத்தான். பூட்டிய வாசலுக்குள்ளே உட்கார்ந்துகொண்டு, வீடு எரிந்து வந்தவனிடம் "பொறுத்துப் போ, அதுதான் தர்மம்" என்று சொல்லி அனுப்பினாயே, உன்னைத்தான் சொல்கிறேன். எரிந்தது உன் கூரை இல்லை. அதனால் உனக்குப் பொறுமை சும்மா கிடைத்தது. இந்தக் கதையைக் கேள், அப்புறம் வாயைத் திற.

வெகுகாலம் முன்னே செங்கழனி நாட்டை ஆதிகோமான் என்றொரு ராஜா ஆண்டான். மனசு காற்றாடி மாதிரி. ஒருநாள் வேட்டையில் சினைமானை அடித்துவிட்டு, அதன் வயிற்றைப் பார்த்துக் கலங்கிப்போனான். "இனி என் கையால் ஓர் உயிரும் போகாது" என்று சத்தியம் செய்தான். நல்ல சத்தியம்தான். அதைக் காவல் காக்கப் பூதநாதரைத் தருமாதிகாரியாக வைத்தானே, அங்கேதான் கெட்டது.

பூதநாதருக்குச் சேனாபதியைக் கண்டாலே எரியும். முதல் வேலையாக ஆயுதசாலையைப் பூட்டினார். தாழ்ப்பாள்மேல் ஒரு குருவி கூடு கட்டியது. "கதவைத் திறந்தால் கூடு விழும், உயிர்க்கொலை!" என்று தடை போட்டார். ஓர் ஈடு குஞ்சு பறந்தால் அடுத்த ஈடு முட்டை. கதவு திறக்கவே இல்லை.

இது கருங்கல்மலைக் கொள்ளைக் கூட்டத்துக்குத் தெரிந்துபோயிற்று. அவர்களுக்குக் கொள்ளை பெரிதில்லை, ஜனங்கள் நடுங்க வேண்டும். சந்தை நாளாகப் பார்த்து, கூட்டம் சேரும் நேரமாகப் பார்த்துக் கொளுத்தினார்கள். அடுத்தது மேலச்சந்தை, வெள்ளிக்கிழமை என்று சொல்லியும் அனுப்பினார்கள்.

மாட்டுத் தரகுக்காரி செம்பாயி சபைக்கு வந்தாள். முந்தின சந்தைத் தீயில் தங்கையைப் பறிகொடுத்தவள்.

"ராசா, வெள்ளிக்கிழமை எங்களைக் கொளுத்த வர்றானுங்க. வாளைக் குடுங்க, ஆளைக் குடுங்க."

பூதநாதர் முந்திக்கொண்டார். "கொளுத்துகிறவனும் ஓர் உயிர்தான் அம்மணி. வாளெடுத்தால் விரதம் போச்சு. மடிகிறவர்கள் மடிவது அவரவர் வினை."

"ஓகோ! நாங்க செத்தா வினை, அவன் செத்தா பாவமா? என்ன சாமி இது, ஒருதலை வியாபாரம்!"

ராஜாவுக்குச் சுர்ரென்று வந்தது. "தர்மத்திலேயே பேரம் பேசுகிறாயா? விரதக்காரன் ஆயுதம் தொடலாம் என்று நாளைக்குள் காட்டு. இல்லாவிட்டால் நாட்டை விட்டே ஓடு!"

"விடிஞ்சதும் ஆயுதசாலை வாசலுக்கு வாங்க."

விடிந்தது. சபையே கூடியிருந்தது. செம்பாயி கொண்டுவந்த கூடையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சாரைப்பாம்பு வழுக்கிக்கொண்டு வந்து, கதவு நிலையில் விறுவிறுவென்று ஏறியது. தாய்க்குருவி கத்தியது. குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு நடுங்கின.

"அடி! அடித்துக் கொல்லு!" என்று முதலில் அலறியவர் யார் தெரியுமா? பூதநாதர்.

ராஜா காவல்காரன் கையிலிருந்த கோலைப் பிடுங்கிப் பாய்ந்தான். பாம்பைத் தடுத்தான். அது சீறி அவன் விரலைக் கடித்தது. ரத்தம் வந்தும் அவன் நகரவில்லை. கோலில் சுற்றித் தூரப் புதரில் வீசினான்.

"அடடா, என்ன ராசா இது!" என்றாள் செம்பாயி. "பாம்பும் உயிர்தானே? பசிக்கு ஏறுச்சு. குஞ்சு போனா அது குஞ்சோட வினை. சாமிதானே நேத்துச் சொன்னாரு?"

"அது... பாவம், ஒன்றும் அறியாத பச்சைக் குஞ்சு..." என்று இழுத்தார் பூதநாதர்.

"எங்க சந்தையிலயும் பால் குடிக்கிற பச்சைப் புள்ளைங்க இருக்கு சாமி. பறந்து தப்பிக்க அதுங்களுக்கு என்னைக்கும் இறக்கை முளைக்காது."

ராஜா கோலைப் பார்த்தான். "நான் பாம்பைக் கொல்லவில்லையே?"

"கொல்லல. நடுவுல போய் நின்னீங்க. நானும் அதைத்தான் கேக்குறேன். புடிக்க முடிஞ்சா புடிங்க. ஆயுதத்தைப் போட்டா உசுரோட விடுங்க."

"போடாவிட்டால்?"

"அடிங்க. அடிச்சுட்டு மேளம் கொட்டாதீங்க, அந்தப் பாவத்தை நீங்களே சுமங்க. ஆனா எங்க பொணத்து மேல ஏறி நின்னுகிட்டு, 'பாரு, என் கை சுத்தம்'னு மட்டும் காட்டாதீங்க!"

ராஜா கூட்டை அலுங்காமல் இரு கையாலும் எடுத்துப் பக்கத்து மாடத்தில் வைத்தான். தாய்க்குருவி பின்னாலேயே போய் உட்கார்ந்துகொண்டது. இவ்வளவுதான் வேலை! இத்தனை நாளாக ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

கதவு திறந்தது. "பூதநாதரே, வெள்ளிக்கிழமை நீரும் வாரும்," என்றான் ராஜா. "முன்வரிசையில் நின்று, தீவட்டியோடு வருகிறவனுக்கு முதலில் நீர் உபதேசம் செய்யும். கேட்காவிட்டால் அப்புறம் நான்."

"மகாராஜா, எனக்கு வயிற்றுவலி..."

"அது உம்முடைய வினை. வாரும்!"

வெள்ளிக்கிழமை மலைக்கூட்டம் வந்தது. பூதநாதர் வைக்கோல் வண்டிக்கு அடியில் போய் முடங்கினார். ராஜா படையோடு போய், வாளேந்தி நடுவில் நின்று, "போடுங்கள் கீழே!" என்றான். பலபேர் போட்டார்கள், கட்டுப்பட்டார்கள். தீவட்டியை ஓங்கிக்கொண்டு பிள்ளைகள் பக்கம் ஓடியவர்களை வெட்டினான். சந்தை பிழைத்தது. வெற்றி முரசைத் தொடக்கூடாது என்றான். செத்தவர்களுக்குத் தானே கொள்ளி வைத்து, பட்டினி கிடந்து அழுதான். பூதநாதர் விரலிலிருந்த தருமாதிகாரி முத்திரை மோதிரத்தைக் கழற்றிச் செம்பாயியிடம் நீட்டினான்.

"பதவியை எடுத்துக்கறேன் ராசா. ஆனா அரண்மனையில உக்கார மாட்டேன், சந்தையிலதான்," என்றாள் அவள்.

கேட்டாயா? தர்மம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அடுத்தவன் பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டு நீ பொறுமை காத்தாயே, அதற்குப் பெயர் தர்மம் இல்லை. நீ விரட்டியவன் இன்னும் தெருவில்தான் நிற்கிறான். போ. அவன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேள். அடுத்த தீ வருகிறபோது அவனுக்கு முன்னால் நீ நில். இதில் ஒரு வார்த்தை குறைக்க மாட்டேன். எழுந்திரு!