மாசிலாமணியின் குரல்

டப்பிங் அறையில் மூன்றரை அடி உயர நடிகர் மாசிலாமணி எட்டாத மைக்கை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். புது இயக்குநர் கோதண்டபாணி கத்தினார்.

“உனக்கு எதுக்குய்யா கம்பீரமான குரல்? குள்ளன் வாயைத் திறந்தா தியேட்டரே சிரிக்கணும். கீச்சுன்னு பேசு. முடியாதுன்னா இனி எந்தப் படத்திலயும் நீ இருக்க மாட்டே.”

டப்பிங்கைப் பார்க்க வந்த நிருபர்கள் சூழ உட்கார்ந்திருந்த கதாநாயகன் ஆதவன் வாய்விட்டுச் சிரித்தார்.

மாசிலாமணி தலையாட்டினார். “சரிங்கய்யா. ரெண்டு பேருக்கும் கீச்சுன்னே பேசிடவா?”

“எந்த ரெண்டு பேருக்கு?”

“எனக்கும் ஹீரோ சாருக்கும். ஆறு படமா அவருக்கும் நான்தானே பேசுறேன்!”

நிருபர்கள் ஆதவன் பக்கம் திரும்பினார்கள். மறுத்துப் பேச எழுந்தவர், தன் சொந்தக் குரல் வெளியே வந்துவிடுமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டார்.

கோதண்டபாணி தானே வந்து மாசிலாமணியின் உயரத்துக்கு மைக்கை இறக்கி வைத்தார். “உங்க குரல்லயே பேசுங்கய்யா.”