சம்பூர்ணம் சொல்லாத விலை

பூண்டு உரித்துக்கொண்டே சொல்கிறேன். ஒரு முறம் பூண்டு, ஊறுகாய்க்கு. கதை சின்னதுதான், பூண்டு தீருவதற்குள் முடிந்துவிடும்.

"அம்மா, என் நைட்டியை ஆயிரம் பேர் பாக்கறாங்க. ஒருத்தர்கூட வாங்கறதில்லைங்க. ஏனுங்க?"

கேட்டது சம்பூர்ணம் அக்கா. கேட்டது மலையடிவாரத்து மயிலம்மாவிடம்.

கஷ்டம் என்றால் ஜனங்கள் யோசனை கேட்கப் போகிற மயிலம்மாவுக்கு வயது முப்பத்திரண்டு. கேள்வியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் அவரைவிடப் பெரியவர்கள். அவர்கள் இவரை அம்மா என்பார்கள், இவர் அவர்களை அக்கா, அண்ணா என்பார். மத்தியானம் வந்தவர்களுக்குச் சோறு உண்டு. பேச்சுத்தான் குறைவு.

சம்பூர்ணம் அக்கா பதினெட்டு வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவர். நின்று நின்று கால் வீங்கிப்போய் வேலையை விட்டார். ஈரோட்டில் நைட்டி எடுத்துவந்து, வீட்டு முன்னறையில் அடுக்கி, போனில் படம் போட்டு விற்க ஆரம்பித்தார்.

ஆடி முடிவதற்குள் வியாபாரம் ஆகாவிட்டால் மறுபடி மில்லுக்குத்தான் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

ஆடி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அக்கா மயிலம்மாவிடம் வந்த அன்றைக்கு வியாழக்கிழமை.

யார் யாரோ சொன்ன யோசனையெல்லாம் செய்து பார்த்தாயிற்று என்றார் அக்கா. ராத்திரி ஏழு மணிக்குப் போட்டால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்றார்கள், போட்டார். பின்னால் செடி இருந்தால் அழகு என்றார்கள், பக்கத்து வீட்டுக் குரோட்டன்ஸைத் தொட்டியோடு தூக்கி வந்தார். சிரித்த முகமாக இருக்கணும் என்றார்கள், தாடை வலி வந்தது.

போன் மாட்டுகிற ஸ்டாண்டுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். அது யாரும் சொன்னதில்லை, அவராகச் செய்தது.

மயிலம்மா கையை நீட்டினார். அக்கா போனைக் கொடுத்தார்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஜனங்கள் எழுதியிருந்தார்கள். விலை என்ன அக்கா. எவ்வளவு சிஸ். ரேட் சொல்லுங்க. எல்லாருக்கும் சம்பூர்ணம் அக்கா ஒரே பதில்தான் போட்டிருந்தார். இன்பாக்ஸ் வாங்க. கூடவே கும்பிடுகிற கை, ஒரு ரோஜாப்பூ.

கேட்ட இடத்திலேயே விலையைப் போட்டால் என்ன என்று மயிலம்மா கேட்டார்.

அக்கா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எதிர்வீட்டுக் கலாமணி பாத்துருவாங்கம்மா. அவளும் நைட்டிதான் விக்கறா. பத்து ரூபா கொறைச்சுப் போட்டுருவா."

அப்படி இன்பாக்ஸில் தனியாக வந்தவர்களிடம்கூட எடுத்த எடுப்பில் விலை சொல்வதில்லையாம். வணக்கம் சகோதரி, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்பாராம். அதற்கப்புறம் ஏனோ அவர்கள் வருவதில்லையாம்.

மயிலம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார். அக்காவின் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"பதில் சொல்லுங்கம்மா."

"கிணத்தடிக்கு வாங்கக்கா, சொல்றேன்."

கிணற்றடிக்குப் போனார்கள்.

மயிலம்மா திரும்பி நின்றார். "வணக்கம் சகோதரி. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. என்ன வேண்டும்?"

இது ஏதோ பூசை முறைபோல என்று அக்கா நினைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, முதலிலிருந்து கேள்வியைக் கேட்டார்.

"மாட்டுக் கொட்டாய்க்கு வாங்கக்கா, சொல்றேன்."

அங்கேயும் வணக்கம். அங்கேயும் நன்றி. மாடு மட்டும் ஒருதரம் தலையை ஆட்டியது.

அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. எங்கிருந்தோ ரசம் தாளிக்கிற வாசம் வந்தது. அக்கா காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு பஸ் ஏறியவர். கேள்வி கிடக்கட்டும் என்று வாயைத் திறந்து, சோறு ஆச்சுங்களா என்று கேட்டார்.

"மேல பிள்ளையார் கோயிலுக்கு வாங்கக்கா, சொல்றேன்."

அறுபது படி. நல்ல வெயில். வீங்கின காலோடு அக்கா முட்டியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மேலே போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்க, சோறு இருக்கா என்று மறுபடி கேட்டார்.

மயிலம்மா கையைக் கூப்பினார். பக்கத்துச் செடியில் ஒரு ரோஜாப்பூவைப் பறித்துக் கொடுத்தார்.

அக்கா பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைத் தலையில் வைப்பதா, வாயில் போடுவதா என்று தெரியவில்லை. சரி, ஊருக்குப் பஸ்ஸாவது எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

கையைக் கூப்பினார். இன்னொரு பூ.

சம்பூர்ணம் அக்கா இரண்டு பூவையும் படியில் வைத்தார்.

"ஏம்மா, சோறு இருக்குதா இல்லையா, ஒரே ஒரு வார்த்தை. பஸ்ஸு எப்போ, ஒரே ஒரு வார்த்தை. கேட்ட எடத்துல சொன்னா வாயா தேஞ்சு போயிரும்? மனுசியக் கிணத்தடிக்கும் கொட்டாய்க்கும் அலைய வெச்சு, வணக்கம் சொல்றீங்க, பூக் குடுக்கறீங்க. இப்படி இருந்தா அப்புறம் யாரு உங்ககிட்ட வருவா?"

மயிலம்மா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"கலாமணி காதுல விழுந்துருமேக்கா."

மலையில் அவர்கள் இரண்டு பேரையும் பிள்ளையாரையும் தவிர வேறு ஆள் இல்லை.

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தார். விலை என்ன என்று முதலில் கேட்டவருக்குக் கீழே ஒரு விரலால் தட்டினார். இருநூற்று எண்பது ரூபாய். அடுத்தவருக்கும். அதற்கு அடுத்தவருக்கும்.

"ரசமும் சோறும் இருக்குங்கக்கா," என்றார் மயிலம்மா. "பஸ்ஸு மூணேகாலுக்கு."

கலாமணி அன்றைக்குச் சாயந்திரமே பார்த்துவிட்டாள். உடனே அவளும் ஒரு படம் போட்டாள். பத்து ரூபாய் குறைத்திருக்கிறேன், எவ்வளவு என்று தெரிய இன்பாக்ஸ் வாங்க.

திங்கட்கிழமை காலையில் சம்பூர்ணம் அக்கா மில்லுக்குப் போனார். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டே, மறுபடி வேலைக்குச் சேர்ந்தாச்சுங்களா என்று கேட்டார்.

அக்காவின் இரண்டு கையிலும் கட்டைப்பை. மில் ஹாஸ்டலில், போனில் விலையைப் பார்த்துக் கேட்டிருந்த பதினேழு பெண்கள் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"இல்லீங்கண்ணா. நைட்டி. எரநூத்தி எம்பது. வீட்டுக்கு எத்தனை?"

இந்தக் கதையில் நான் புரிந்துகொண்டது என்னவென்றால், ஒருத்தர் நம்மிடம் வந்து ஒன்றைக் கேட்கும்போது, நாம்...

பூண்டு எவ்வளவு ஆச்சு என்று அடுப்படியிலிருந்து என் மாமியார் கேட்கிறார்.

"உள்ள வந்து சொல்றேங்கத்தை, இதோ இன்னும்..."